பிளாக்செயின் போட்டால் ஆர்கானிக் பருத்தி நிரூபணமாகிவிடுமா?

கேள்வி: ஆர்கானிக் பருத்தியில் ஆடை தைத்து ஏற்றுமதி செய்கிறோம். பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று வயல்வரை காட்டச் சொல்கிறார் பையர். "எங்கள் பிளாக்செயின் மென்பொருளைப் போட்டால் யாராலும் பொய் சொல்ல முடியாது" என்கிறது ஒரு நிறுவனம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தை நம்பி வாங்காதீர்கள். பிளாக்செயின் என்பது பலருடைய கணினிகளில் ஒரே மாதிரி இருக்கும், பதிவுகளைச் சங்கிலிபோல் கோத்து வைக்கும் கணக்குப் புத்தகம். அதில் ஏறிய பதிவை யாரும் ஓசைப்படாமல் திருத்த முடியாது, அது உண்மை. ஏறும்போதே பொய்யாக ஏறினால்? அந்தப் பொய்யும் அழியாமல் அப்படியே இருக்கும். பருத்தியிலிருந்து விதையை நீக்கும் ஜின்னிங் ஆலையில் ஒருவர் சாதாரணப் பஞ்சை ஆர்கானிக் என்று பதிந்துவிட்டால், அதைக் கண்டுபிடிக்கக் கணினிக்கு வழியே இல்லை.

2020-இல் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி, போலி பரிவர்த்தனைச் சான்றிதழ்களை (சரக்கு கைமாறும்போது அது ஆர்கானிக்தான் என்று தரும் சான்று) வைத்து ஆர்கானிக் என்று காட்டப்பட்டிருந்ததை காட்ஸ் என்ற உலகளாவிய தர அமைப்பு வெளியே கொண்டுவந்தது. அந்தச் சான்றிதழில் இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அரசு இணையதளம் மாதிரியே செய்து வைத்த போலித் தளம் திறந்தது. சரிபார்த்தவருக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். ஆகவே பையருக்கு ஒரு கியூஆர் கோடைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் பிளாக்செயினால் என்ன பயன்? ஒரே சான்றிதழை நான்கு பேருக்குக் காட்டி நான்கு முறை விற்பதைத் தடுப்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. டெக்ஸ்டைல்ஜெனிசிஸ் போன்ற தளங்களில் ஒரு கிலோ இழைக்கு ஒரு டிஜிட்டல் டோக்கன். இழை கைமாறும்போது டோக்கனும் கூடவே கைமாறும். 1,000 கிலோவை ஒரு நூற்பாலைக்கு விற்றவர் கையில் அந்த 1,000 டோக்கன் இனி இருக்காது. அதையே இன்னொருவருக்கு விற்க முடியாது.

அடுத்தது எடைக் கணக்கு. என்னைக் கேட்டால் வெளிப்படைத்தன்மையின் உயிரே இதில்தான். 1,000 கிலோ பஞ்சில் கோம்டு நூல் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல்) எடுத்தால், பஞ்சைச் சுத்தம் செய்து சீவும் புளோரூம், கார்டிங், கோம்பர் கட்டங்களின் கழிவெல்லாம் போக ஏறத்தாழ முக்கால் பங்குதான் நூலாக வரும். ஒரு நூற்பாலை 950 கிலோ கோம்டு நூல் வந்ததாகப் பதிந்தால், வேறு பஞ்சு கலந்திருக்கிறது, அல்லது எண் தவறு. நிட்டிங், டையிங், கட்டிங் என்று ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒரு நியாயமான இழப்பு உண்டு. அதைத் தாண்டிய பதிவை மென்பொருள் அங்கேயே நிறுத்த வேண்டும். டெமோவில் வண்ண வண்ண வரைபடம் காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, "950 கிலோ என்று போடுங்கள், என்ன செய்கிறது பார்ப்போம்" என்று கேளுங்கள். பேசாமல் ஏற்றுக்கொண்டால் அந்த மென்பொருள் வேண்டாம்.

எடை சரியாக இருந்தும் பஞ்சை மாற்றியிருக்கலாம். அதற்குப் பொருளையே சோதிப்பதுதான் வழி. ஜின்னிங்கிலேயே பஞ்சின் மேல் டிஎன்ஏ அடையாளம் தெளித்து, பின்னால் துணியில் தேடிப் பார்க்கலாம். விளைந்த வட்டாரத்தை ஐசோடோப் பரிசோதனை காட்டும்; மண், நீரைப் பொறுத்து பஞ்சில் மாறும் அணு வகைகளின் விகிதத்தை அது பார்க்கிறது. எல்லா லாட்டுக்கும் (ஒரு தொகுதி சரக்குக்கும்) செய்யக் கட்டுப்படியாகாது. முன்னறிவிப்பு இல்லாமல் சில லாட்டுகளை எடுத்துச் சோதித்து, முடிவை அதே சங்கிலியில் ஏற்றுங்கள்.

உங்களுக்கு நூல் தருபவர் தயங்குவார். தன்னிடம் விற்பவர் யார் என்று தெரிந்தால் தன்னைத் தாண்டிப் போய்விடுவீர்களோ என்ற பயம் அவருக்கு, அது நியாயமானதும்கூட. விலையும் பெயரும் எல்லோருக்கும் தெரியாதபடி, யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதியை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தொழிலாளர் பெயர், சம்பள விவரம் எதையும் சங்கிலியில் நேரடியாக ஏற்றாதீர்கள். பின்னால் அழிக்க முடியாது. கணக்கில் காட்டாமல் வெளியே தைக்கக் கொடுத்த வேலையும் எந்தச் சங்கிலியிலும் தெரியாது. அதற்கு ஆள் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவரென்றால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழலியல் வடிவமைப்பு விதி டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்டை, அதாவது பொருளின் விவரங்களைக் காட்டும் மின்பதிவைக் கொண்டுவருகிறது. துணிமணி முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பிளாக்செயின் கட்டாயம் என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். நூற்பாலை முதல் தையல் வரை எல்லாமே உங்கள் கையில் என்றால் ஒழுங்கான சாதாரண டேட்டாபேஸே போதும். தனித்தனி முதலாளிகள் பலர் ஒரே கணக்கில் எழுத வேண்டியிருக்கும்போதுதான் பிளாக்செயினுக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

அப்புறம், ஒப்பந்தத்தில் வெளியேறும் வழியைப் பாருங்கள். ஐபிஎம்மும் மேர்ஸ்க்கும் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் என்ற சரக்குத் தளத்தையே 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனங்களாலும் போதுமான பேரை உள்ளே கொண்டுவர முடியவில்லை. உங்கள் தரவு, பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் ஈபிசிஐஎஸ் (சரக்கு நகர்வைப் பதியும் முறை) போன்ற பொதுத் தரத்தில் வெளியே எடுக்கும்படி இருக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு ஸ்டைல், ஒரு நூற்பாலை, ஒரு ஆர்டர் போதும். அந்த ஆர்டரின் எடைக் கணக்கை ஜின்னிங்கிலிருந்து பெட்டி கட்டும் வரை எக்செல்லில் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் யார் எண் தரவில்லையோ, முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள். மென்பொருள் நிறுவனத்தை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.