நாலு மாதப் பிள்ளைக்கு சிங்க் மாத்திரையா?

கேள்வி: மகனுக்கு நாலு மாதம். வயிற்றோட்டம். டொக்டர் ஜீவனியோடு (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள்) 10 மில்லிகிராம் சிங்க்கும் எழுதினார். மாமி மாத்திரை வேண்டாம், பாலையும் நிறுத்திச் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) கொடு என்கிறார். என்ன செய்ய?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: மகள், முதலில் பாலை நிறுத்தாதீங்க. தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்த காலமெல்லாம் நான் பயந்தது இந்தச் சாயத்தண்ணிக்குத்தான். பிள்ளைக்கு வேண்டியது தாய்ப்பால், இன்னும் அடிக்கடி. ஜீவனி முழுப் பக்கெட்டையும் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்க. ஒரு நாள் கடந்தால் மீதியைக் கீழே ஊற்றிவிடுங்க.

சிங்க் ஓட்டத்தில் கழிந்துபோகிற சத்து. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் ஆறு மாதத்துக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், மூத்தவர்களுக்கு 20, 10 முதல் 14 நாள் என்றன. ஆறு மாதம் கடந்த பிள்ளைகளிலேதான் பலன் தெளிவாகத் தெரிந்திருக்கிறது; அதனால் டொக்டர் சொன்ன அளவைக் கூட்டாதீங்க. 20 மில்லிகிராம் மாத்திரை என்றால் பாதியை, பிழிந்த தாய்ப்பாலில் கரைத்துக் கொடுங்க. வாந்தி வரலாம். ஓட்டம் நின்றாலும் சொன்ன நாள்வரை கொடுங்க.

கண் குழிவிழுந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால், மலத்தில் இரத்தம் கண்டால், பால் குடிக்காமல் சோர்ந்தால் விடியட்டும் என்று இருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.