நீரை விட்டுக்கொடுத்து உயிர் காக்கும் புழுக்கள்

கேள்வி: எங்கள் வாழைத்தோட்டத்தில் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைப் பல ஆண்டுகளாக அறிவேன். மண்ணில் ஈரம் இருந்தால்தான் அவை நடமாடும் என்று வேளாண் அலுவலர் சொல்வார். அப்படியிருக்க, அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளிலும் நூற்புழுக்கள் வாழ்வதாகப் படித்தேன். ஈரமும் வெப்பமும் இல்லாத மண்ணில் அவை எப்படிப் பிழைக்கின்றன?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: அலுவலர் சொன்ன விதி அண்டார்டிகாவுக்கும் பொருந்தும். மண்ணில் வாழ்ந்தாலும் நூற்புழு அடிப்படையில் நீர்வாழ் உயிரியே; மண்துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்துக்குள்தான் அது நகரும், உண்ணும், இனப்பெருக்கம் செய்யும். அந்தப் படலம் மறைந்ததும் அது என்ன செய்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

நீங்கள் படித்த இடம் மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளாக இருக்க வேண்டும். கண்டத்தின் உட்பகுதியிலிருந்து நகர்ந்துவரும் பனிப்பாளத்தை அங்கே மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் வறண்ட காற்று, விழுகிற சிறிதளவு பனியிலும் பெரும்பகுதியை உருகவிடாமல் நேரடியாக ஆவியாக்கிவிடுகிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுபட்டு, ஏறக்குறைய மைனஸ் 15 முதல் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 1903-இல் துருவப் பயணி ராபர்ட் ஃபால்கன் ஸ்காட், இவற்றில் ஒன்றான டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கியபோது அவருடைய குழுவினரின் கண்ணுக்கு அங்கே ஓர் உயிரும் தென்படவில்லை. ஆனால் அந்த மண்ணில் பரவலாக வாழும் ஸ்காட்னீமா லிண்ட்சேயே என்ற நூற்புழு, பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் உண்டு, பிற நூற்புழுக்கள் தாங்காத உப்பையும் தாங்கிக்கொண்டு, பல இடங்களில் தனியொரு விலங்கினமாகவே குடியிருக்கிறது. டயானா வால், ராஸ் வர்ஜீனியா ஆகிய அறிஞர்கள் பல ஆண்டுகள் இம்மண்ணை ஆராய்ந்திராவிட்டால், அதன் வாழ்க்கையைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும்.

மண் காயத் தொடங்கியதும் இந்தப் புழு தன் நீரைத் தக்கவைக்கப் போராடுவதில்லை. சுருள்போலத் தன்னைச் சுற்றிக்கொள்கிறது. இதனால் காற்றுபடும் பரப்பு குறைந்து, நீர் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. இந்த மெதுவான வேகம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. திடீரென்று உலர்த்தினால் பெரும்பாலான நூற்புழுக்கள் இறந்துவிடும். கிடைக்கும் அவகாசத்தில், உடலில் சேமித்திருந்த கொழுப்பையும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளையும் ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரையாக அது மாற்றிக்கொள்கிறது. செல்சவ்வுகளையும் புரதங்களையும் வழக்கமாக அவற்றின் உருவத்தில் தாங்கி நிற்பவை நீர் மூலக்கூறுகள். அவை வெளியேறிய இடத்தை இந்தச் சர்க்கரை நிரப்புவதோடு, செல்லின் உட்பகுதியைக் கண்ணாடி போன்ற திடநிலைக்கும் கொண்டுவருகிறது. உடல்நீரில் 99 சதவீதம் வரை போனபின், அளந்தறியக்கூடிய வளர்சிதை மாற்றம் எதுவுமின்றிப் புழு கிடக்கிறது. அந்நிலையில் காற்று அதைத் தூசியோடு தூசியாக வேறு பள்ளத்தாக்குக்கும் கொண்டுபோகக்கூடும். மீண்டும் நீர் பட்டால், சில மணி நேரத்தில் சுருள் அவிழ்ந்து அசையத் தொடங்குகிறது.

குளிரைத் தனி ஆபத்தாகக் கருதுவது இயல்பு. எனக்கோ, புழுவின் பக்கமிருந்து பார்த்தால், அதுவும் பெரும்பாலும் வறட்சியின் மறுவடிவம் என்றே தோன்றுகிறது. சுற்றியுள்ள மண்நீர் மெதுவாக உறையும்போது, பனிக்கட்டியின் ஆவியழுத்தம் (ஆவியாகி வெளியேற முனையும் அழுத்தம்) புழுவின் உடலில் இன்னும் உறையாதிருக்கும் நீரின் ஆவியழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால், நீர் உடலிலிருந்து பனிக்கட்டியை நோக்கி வெளியேறுகிறது. உள்ளே உறைவதற்கு நீரே மிஞ்சாதபோது பனிப்படிகம் செல்லைக் கிழிக்கும் அபாயமும் இல்லை. அண்டார்டிகாவின் ராஸ் தீவுப் பகுதியில் வாழும் பனக்ரோலைமஸ் டேவிடி என்ற இனம் இந்த வழியைக் கையாள்கிறது. குளிர் விரைந்து வந்து அவகாசம் கிடைக்காமல் போனாலோ, அது இன்னும் வியப்பான ஒன்றைத் தாங்கிக்கொள்கிறது: அதன் செல்களுக்குள்ளேயே பனி உருவாகிறது. செல்லுக்குள் பனி என்றால் மரணம் என்றே உயிரியலாளர்கள் பொதுவாகக் கருதிவந்தார்கள். 1995-இல் டேவிட் வார்ட்டனும் அவருடன் ஆய்வு செய்தவரும் இந்தப் புழு அதிலிருந்து மீண்டு எழுவதைக் காட்டினார்கள். சிறு படிகங்கள் ஒன்றுகூடிப் பெரிதாவதைத் தடுக்கும் பொருளும் அதன் உடலில் உண்டு.

இத்தனைக்கும் செலவு இருக்கிறது. ஒவ்வொரு முறை உலர்ந்து மீளும்போதும், வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போயிருக்க வேண்டிய சேமிப்பு கரைகிறது. ஆய்வகத்தில் 10 டிகிரி வெப்பத்திலேயே ஸ்காட்னீமாவின் வாழ்க்கைச் சுற்று முடிய 218 நாட்கள் ஆயின. மண் இளகியிருப்பது ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே என்பதால், அங்கே ஒரு தலைமுறை பல ஆண்டுகள் நீளும். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி செயலற்ற நிலையிலேயே கழியும்.

கேள்வி: சைபீரியாவில் 46,000 ஆண்டுகள் உறைந்திருந்த புழு உயிர்பெற்றது என்ற செய்தி உண்மைதானா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: 2023-இல் வெளியான ஆய்வு அது. கோலிமா ஆற்றுப் பகுதியின் நிரந்தர உறைமண்ணில், பழங்கால அணில் வளை ஒன்றின் படிவிலிருந்து எடுக்கப்பட்ட நூற்புழு உயிர்பெற்று, ஆணின் துணையின்றியே பெருகியது. அதைப் புதிய இனம் என்று கண்டு பனக்ரோலைமஸ் கோலிமேன்சிஸ் எனப் பெயரிட்டார்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: கதிரியக்கக் கார்பன் முறையில் வயது கணிக்கப்பட்டது புழுவுக்கு அல்ல, அதனுடன் கிடந்த தாவர எச்சங்களுக்கு. புழு அந்தப் படிவோடு சேர்ந்தே உறைந்தது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் அந்த வயது புழுவுக்கும் உரியதாகும். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது ஆய்வகத்தில் தெரியவந்த செய்தியை: முதலில் மிதமாக உலர்த்தியபோது இந்தப் புழுவிலும் ட்ரெஹலோஸ் பெருகியது; அவ்வாறு உலர்ந்தபின் மைனஸ் 80 டிகிரி குளிரை அது முன்னிலும் நன்றாகத் தாங்கியது.