சூரியனின் எக்ஸ் கதிர்களை எண்ணுகிற கருவிகள்: கேள்வி பதில்

சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1, நிலவைச் சுற்றும் சந்திரயான்-2 ஆகிய இஸ்ரோ விண்கலங்களில் உள்ள, சூரியனின் எக்ஸ் கதிர்களை அளக்கும் கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பள்ளி ஆசிரியர்: சூரியனை அளக்க ஆதித்யாவைப்போல் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவுக்குப் போகத்தான் வேண்டுமா ஐயா? உயரமான மலை போதாதா?

போதாது. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் மிக உயரத்திலேயே விழுங்கிவிடும். அதனால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். 1949இல் ஹெர்பர்ட் ஃபிரீட்மன் குழுவினர் வி-2 ராக்கெட்டில் எண்ணிகளை ஏற்றி அளந்தார்கள். ஆனால் ராக்கெட்டின் ஆயுள் சில நிமிடங்களே. பூமியை நெருங்கிச் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்தும் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் சூரியன் மறைந்துவிடும். 2024 ஜனவரி 6 முதல் எல்1 புள்ளியை (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, பூமியோடு சேர்ந்தே நகரும் இடம்) சுற்றிவரும் ஆதித்யாவுக்குச் சூரியன் மறைவதே இல்லை.

கல்லூரி மாணவி: இந்தக் கருவிகளில் உள்ள சிலிக்கான் துண்டு எக்ஸ் கதிரின் ஆற்றலை எப்படி அளக்கிறது?

எக்ஸ் கதிர்த் துகள் சிலிக்கானில் மோதினால் எலக்ட்ரான்கள் விடுபடும். ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (நுண்துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஒன்று என்று கணக்கு. 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் துகள் வந்தால் சுமார் 1,600 எலக்ட்ரான்கள். அந்த மின்துடிப்பின் உயரமே துகளின் ஆற்றல். துடிப்பு மிகச் சிறியது என்பதால், வெப்பத்தால் எழும் இரைச்சல் அதை மூழ்கடிக்காதபடி சிலிக்கானைக் குளிரவைத்தே இயக்குகிறார்கள்.

மின்னணுப் பொறியாளர்: ஆதித்யாவின் சோலெக்ஸ் கருவியில் ஒரே வகை உணர்கருவி இரண்டு இருப்பது ஏன்? ஒன்று பழுதானால் இன்னொன்று என்பதற்கா?

இல்லை. இந்தத் துறையின் உண்மையான தலைவலியே இங்கேதான் இருக்கிறது. எக்ஸ் கதிர்களைப் பிடிப்பது இன்று கடினமல்ல; அமைதியான சூரியனையும் கொதிக்கும் சூரியனையும் ஒரே கருவியால் பிடிப்பதுதான் கடினம். சூரியனில் திடீரென எழும் ஆற்றல் வெடிப்பே சுடர்; அதன் எக்ஸ் கதிர் வலிமையை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஏறுவரிசையில் வகைப்படுத்துவார்கள். ஏ1 வகைச் சுடருக்கும் எக்ஸ்10 வகைச் சுடருக்கும் இடையே ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். பெரிய சுடரின்போது துகள்கள் நெருக்கியடித்து வரும். திருவிழா வாசலில் ஆள் எண்ணுகிறவர், அப்பாவையும் அவர் தோளில் ஏறிய பிள்ளையையும் சேர்த்து ஒரே நெட்டையான ஆள் என்று குறித்துக்கொண்டால் எப்படி? இரண்டு துகள்கள் ஒரே கணத்தில் விழும்போது கருவியும் அதையே செய்கிறது. எண்ணிக்கை குறையும், ஆற்றல் பொய்யாகக் கூடும்.

அதனால் ஒரு உணர்கருவிக்கு 7.1 சதுர மில்லிமீட்டர் திறப்பு, மற்றதற்கு வெறும் 0.1. அமைதியான நாளில் பெரியது, கொந்தளிப்பில் சிறியது. சந்திரயான்-2இல் உள்ள எக்ஸ்எஸ்எம் என்ற சூரிய எக்ஸ் கதிர்க் கருவி வேறு வழியில் போகிறது. பெரிய சுடர் வந்தால் பெரிலியத் தகடு தானாக நகர்ந்து மறைக்கும். ஆமதாபாத் இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய இந்தக் கருவி, 2019-20இல் சூரியன் அடங்கியிருந்தபோது 76 நாட்களில் 98 நுண்சுடர்களைக் கண்டது. எல்லாமே ஏ வகைக்கும் கீழானவை. எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது. எதிர்முனையில், 2003 நவம்பர் 4 அன்று எழுந்த சுடர் அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் உணர்கருவியைத் திணறடித்தது. உச்சத்தில் அளவீடு இல்லாததால் எக்ஸ்28 என்று மதிப்பிட்டார்கள். அது இன்னும் பெரியது என்று வாதிடுபவர்களும் உண்டு.

அதே பொறியாளர்: ஆதித்யாவில் ஹீலியோஸ் என்ற இன்னொரு எக்ஸ் கதிர்க் கருவி தனியாக எதற்கு?

அதிக ஆற்றலுள்ள கதிர்கள் மெல்லிய சிலிக்கானைத் துளைத்துப் போய்விடும். எனவே அதில் காட்மியம் டெல்லுரைடு, காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்ற கனமான படிகங்கள் 8 முதல் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை அளக்கின்றன. சுடரின் முதல் வெடிப்பு ஹீலியோஸில் தெரியும். பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) சூடேறுவது சற்றுப் பிந்தி சோலெக்ஸில் தெரியும்.

ஹாம் ரேடியோ ஆர்வலர்: பெரிய சுடரால் சிற்றலை வானொலி அடங்குவதற்கு முன்பே எல்1 கருவி எச்சரிக்குமா?

எக்ஸ் கதிர் விஷயத்தில் ஏமாற்றமே. அது ஒளி வேகத்தில் வருவதால் எல்1 நமக்குத் தருவது 5 விநாடிதான். தகவல் அதே ஒளி வேகத்தில் வந்துசேர்வதற்குள் அதுவும் தீர்ந்துவிடும். சூரியக் காற்றை (சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்கள்) அளக்கும் கருவிகளுக்கு மட்டும் அங்கே சுமார் ஒரு மணி நேர முன்னிலை உண்டு.

பள்ளி ஆசிரியர்: மாணவர்கள் தரவைப் பார்க்க முடியுமா?

இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். 2024 மே 14 அன்று வந்த எக்ஸ்8.7 சுடரில் தொடங்குங்கள். இரண்டு சோலெக்ஸ் உணர்கருவிகளின் வரைகோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். எதை எந்த நேரத்தில் நம்பலாம் என்று அவர்களே வாதாடட்டும்.