வசூலுக்கு வந்தவர் செக் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கணவரின் ஆபரேஷனுக்காகக் கிரெடிட் கார்டில் செலவு செய்தேன். பாக்கி 1,20,000 ரூபாய். நடுவில் நான்கு மாதம் வேலை இல்லாததால் கட்டமுடியவில்லை. தினமும் பத்துப் பதினைந்து போன் வருகிறது. ஊரிலிருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்கள் மகளை போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்கிறார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், தேதி போடாமல் இரண்டு செக் கேட்டார். கொடுத்தால் தொந்தரவு இருக்காதாம். என்ன செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்.

கார்டு பாக்கி ஒரு சிவில் விவகாரம். கையில் காசில்லாமல் கட்டத் தவறியதற்காக போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. ஆனால் நீங்கள் கொடுக்கிற செக் பணமில்லாமல் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். இன்றைக்கு வெறும் மிரட்டலாக இருப்பதற்கு நாளைக்கு உயிர் கொடுப்பது அந்தக் கையெழுத்துதான். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ டெபிட் படிவத்திலும் இதே ஆபத்து உண்டு. பயத்தில் செக் கொடுத்துவிட்டு என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போது, ஒரு வாரம் முன்னால் கேட்டிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். நீங்கள் நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தது தவறு. கார்டு வைத்திருப்பவரின் குடும்பத்தார், நண்பர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, பொய் சொல்லி மிரட்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏஜென்ட் செய்வதற்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் போன்களைப் பதிவு செய்யுங்கள். நேரத்தையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். இவற்றோடு வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம், ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, 14448க்குப் போன் செய்து வழி கேட்கலாம். அடிப்பேன், உதைப்பேன் என்று பேசினால் காத்திருக்காமல் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

சரி, கடன்? அது நியாயமான கடன்தான், கட்டத்தான் வேண்டும். மினிமம் டியூ, அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் தீராது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 1,20,000க்கு 4,200 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 756. ஐயாயிரம் கட்டினாலும் அசலில் குறைவது 44 ரூபாய்! ஆகவே அதே மின்னஞ்சலில் வேலை போன விவரத்தைச் சொல்லி, பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். குறைத்துத் தந்தால் ஒரே தவணையில் முடிக்கத் தொகை திரட்ட முடியுமென்றால் செட்டில்மென்ட் கேட்கலாம். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று பதிவாகும், பிறகு வீட்டுக்கடன் கேட்கும்போது இடிக்கும். உங்களுக்கு இப்போது சம்பளம் வருவதால் தவணையே நல்லது என்பேன். எதுவானாலும் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே கட்டுங்கள். கார்டு கணக்கில் கட்டுங்கள், ஏஜென்டின் ஜிபேயில் வேண்டாம். முடிந்ததும் பாக்கி இல்லை என்று காட்டும் 'நோ டியூ' சான்று வாங்குங்கள்.

லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் போங்கள். வட்டியைக் குறைத்துப் பேச நல்ல இடம் அது. நீதிமன்ற சம்மன் வந்தால் மட்டும் வாங்காமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு இலவச உதவி உண்டு.

இன்றைக்கே அம்மாவிடம் பேசி, அடுத்த முறை போன் வந்தால் பதில் சொல்லாமல் எண்ணை மட்டும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.