கண் வறட்சியும் இமை விளிம்பு அழற்சியும்: கேள்வி பதில்

கண் உறுத்தல், வறட்சி, இமை ஓரச் சிவப்பு ஆகியவை குறித்து வந்த கேள்விகளில் ஒரே பொருளுடையவற்றைச் சேர்த்து, கண் மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். மருந்துகளின் பெயர்கள் விளக்கத்துக்காக மட்டுமே தரப்பட்டுள்ளன. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் கண்ணை நேரில் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: இரு கண்களிலும் நாள் முழுவதும் நீர் வடிகிறது, இரு சக்கர வண்டி ஓட்டினால் கைக்குட்டை நனைந்துவிடுகிறது. மருத்துவரோ கண் வறட்சி என்கிறார். நீர் வடியும் கண் எப்படி ஐயா வறண்ட கண்ணாகும்? (ஆண், 54, ஈரோடு)

பதில்: கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் மூன்று கூறுகள் உண்டு. கருவிழியோடு ஒட்டிநிற்க உதவும் சளிப்பொருள், உப்பும் புரதமும் கலந்த நீர், அந்த நீர் ஆவியாகாதபடி மேலே மூடும் எண்ணெய் ஆகியவை அவை. இமைகளுக்குள் வரிசையாக அமைந்த மெய்போமியன் சுரப்பிகள் இந்த எண்ணெயைத் தருகின்றன. மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும் இவை, 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மெய்போமின் பெயரைப் பெற்றன. எண்ணெய் குறைந்தால் அடுத்த இமைப்பு வருவதற்குள் படலம் கிழிந்துவிடுகிறது. கருவிழியின் நரம்புகள் அதை எரிச்சலாக உணர, கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. எண்ணெய் இல்லாத அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிகிறது. எதிர்க்காற்றில் உங்களுக்கு அதிகமாவது அதனால்தான். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தாலோ, மூக்கோரத்தை அழுத்தும்போது சீழ் வந்தாலோ அது கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான மருத்துவம் வேறு.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை, மாலையானால் கண் எரிகிறது, எழுத்து மங்குகிறது, இமைத்தால் தெளிகிறது. ஓராண்டாகச் செயற்கைக் கண்ணீர் போடுகிறேன். அரை மணி நேரம் இதம், பிறகு பழைய கதைதான். (பெண், 31, சென்னை)

பதில்: இமைத்ததும் பார்வை தெளிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல தடயம். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை இமைக்கும் நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே இமைக்கிறோம். இமைக்கும்போதும் மேலிமை முழுதாக இறங்கிக் கீழிமையைத் தொடுவதில்லை. இமைகள் ஒன்றோடொன்று அழுந்தும்போதுதான் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் வெளியேறும். வெளியேறாத எண்ணெய் தடித்து, சுரப்பியின் வாயை அடைத்து, காலப்போக்கில் சுரப்பியையே சுருங்கச் செய்துவிடும். அப்படிச் சுருங்கிய சுரப்பி பெரும்பாலும் மீள்வதில்லை.

கண் வறட்சியில் மிகுதியாகக் காணப்படுவது நீர் சுரப்புக் குறைவு அன்று, இந்த எண்ணெய்க் குறைவே. செயற்கைக் கண்ணீர் நீரை ஈடுகட்டுகிறதே ஒழிய அடைப்பை நீக்குவதில்லை. ஆகவேதான் உங்களுக்கு அரை மணி நேர இதத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த முறை செல்லும்போது, இமை விளிம்பை அழுத்திப் பார்த்து எண்ணெய் எப்படி வருகிறது என்று சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நலமான சுரப்பியில் தெளிந்த எண்ணெய் துளிர்க்கும். அடைபட்ட சுரப்பியிலோ குளிர்காலத்துத் தேங்காய் எண்ணெய் போல வெள்ளையாகக் கெட்டித்து வரும், அல்லது எதுவுமே வராது. கண்ணில் சாயமிட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள்.

திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வையுங்கள். கண் திறப்பு குறைந்து ஆவியாதலும் குறையும். ஏசி காற்று முகத்தில் நேரே அடிக்கும் இருக்கையை மாற்றிக் கேளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, மெல்ல மூடி ஒரு நொடி நிறுத்தி இலேசாக அழுத்தித் திறக்கும் முழு இமைப்புகளைச் சில முறை செய்யுங்கள்.

கேள்வி: வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன், பயனில்லை. முறை ஏதும் உண்டா? (பெண், 43, திருச்சி)

பதில்: உண்டு, அதைச் சொல்லத்தான் மருத்துவமனைகளில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. இமைக்குள் கெட்டித்த எண்ணெய் இளக, இமையின் வெளிப்புறம் ஏறத்தாழ 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை 5 முதல் 10 நிமிடம் தொடர்ந்து சூடாக இருக்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். இரண்டு சிறு துண்டுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வைக்க வேண்டும், அல்லது சூட்டை நீண்ட நேரம் தாங்கும் கண்பட்டையைப் பயன்படுத்த வேண்டும். முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால் மட்டுமே கண்ணுக்கு வையுங்கள்.

துணியை எடுத்த உடனே, எண்ணெய் மறுபடி உறைவதற்குள், கண்ணை மூடியபடி விரல் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் இமைமயிர் வரிசையை நோக்கி மெதுவாக நீவுங்கள். விழியை அழுத்தக் கூடாது; கருவிழிக் கூம்பல் (கருவிழி மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் நோய்) உள்ளவர்கள் நீவுவதையே தவிர்க்க வேண்டும். பிறகு இமைக்கென விற்கும் துடைப்பானால் இமைமயிரின் அடியைப் பக்கவாட்டில் துடைத்து எடுங்கள். முதல் நாளில் கண் சற்று மங்கலாகத் தெரிந்தால், வெளியான எண்ணெய்தான் காரணம். தினம் இருமுறை வீதம் ஒரு மாதம் செய்த பிறகே பயன் உண்டா இல்லையா என்று பேச வேண்டும். பயன் கண்டபின் ஒரு வேளையாகக் குறைக்கலாம். அடியோடு நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வருகிறது.

இமையின் உள்விளிம்பில் மை தீட்டும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுரப்பிகளின் வாய் திறப்பது அங்கேதான்.

கேள்வி: என் இமைமயிரில் பூச்சி இருப்பதாக மருத்துவர் சொன்னார். கேட்டதிலிருந்து உறக்கமே இல்லை. சுத்தமில்லாததால் வந்ததா? (ஆண், 47, தோஹா)

பதில்: அது டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணி. வயது ஏற ஏறப் பெரும்பாலோரின் தோலில் வாழ்வதுதான்; உங்கள் தூய்மையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எண்ணிக்கை பெருகும்போது மட்டும் இமை ஓரம் அரிக்கும், மயிர் உதிரும். கீழே பார்க்கச் சொல்லி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு மயிரின் அடியிலும் மெழுகுக் குழல் மாட்டியது போன்ற படிவு தெரியும். சாதாரணப் பொடுகு அப்படி உருளையாக ஒட்டியிருக்காது. தேயிலை மர எண்ணெயின் சத்து சேர்ந்த இமைத் துடைப்பான்கள் பயன் தரும். ஆனால் கடையில் விற்கும் அந்த எண்ணெயை நீர்க்காமல் இமையில் தடவாதீர்கள், கருவிழி புண்ணாகும். இதற்கென்றே உருவான லோட்டிலானர் 0.25 சதவீதச் சொட்டு மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தினம் இருமுறை, ஆறு வாரம் என்பது அதன் கணக்கு. தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்துவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.

கேள்வி: மருந்துக்கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்தில் ஒரே நாளில் சிவப்பு போய்விட்டது. கண் சிவக்கும்போதெல்லாம் அதையே வாங்கிப் போடுகிறேன். தொடரலாமா? (ஆண், 38, சேலம்)

பதில்: கூடாது. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகியவற்றுள் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு எந்தச் சிவப்பையும் அடக்கும், எதனால் சிவந்தது என்பதையும் சேர்த்து மறைத்துவிடும். சில வாரங்கள் தொடர்ந்து போட்டால், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கண் அழுத்தம் கூடுகிறது. வலி இருக்காது, பார்வை ஓரங்களிலிருந்து குறைவதால் வெகுநாள் தெரியவும் தெரியாது. இப்படிக் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோயான கிளாக்கோமாவால் இழந்த பார்வை திரும்புவதில்லை. கண்புரையும் முன்கூட்டியே வரும். வைரஸால் வந்த கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டைத் தனியாகப் போட்டால் புண் பரவிவிடும்.

ஸ்டீராய்டே ஆகாதது என்று நான் சொல்லவில்லை. இமை அழற்சி கடுமையாகும்போது நாங்களே மென்மையான வகையை இரண்டு மூன்று வாரம் தந்து, கண் அழுத்தத்தை அளந்துகொண்டே குறைப்போம். நீண்ட காலத்துக்கு அழற்சியை அடக்க சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து உண்டு. தொடக்கத்தில் எரியும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பலர் இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டு மருந்து சரியில்லை என்று வருகிறார்கள். நீங்கள் எத்தனை காலம் ஸ்டீராய்டு போட்டிருந்தாலும், இந்த வாரமே கண் அழுத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

புட்டியில் நாஃபசோலின் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு அன்று. இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெண்மை காட்டும் மருந்து. நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

கேள்வி: பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு விலை அதிகமாக இருக்கிறது. அவசியமா? ஒரு குப்பியைத் திறந்து இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாமா? (பெண், 62, மதுரை)

பதில்: நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் போடாதவர்களுக்குச் சாதாரணப் புட்டியே போதும், அம்மா. அதற்கு மேல் போடுவோருக்கும், கிளாக்கோமா சொட்டு மருந்தும் சேர்த்துப் போடுவோருக்கும், பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்தி வறட்சியையே கூட்டும். அவர்களுக்குப் பிரிசர்வேட்டிவ் இல்லாததுதான் ஏற்றது. ஆனால் கிருமியைத் தடுக்கும் பொருள் அதில் இல்லை என்பதை மறக்கக் கூடாது. 2023இல் அமெரிக்காவில், சென்னை அருகே தயாரான, பிரிசர்வேட்டிவ் இல்லாத பல வேளைக்கான புட்டிகளோடு தொடர்புபடுத்தப்பட்ட மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பாதித்தது. 4 பேர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர். ஒரு வேளைக்கான குப்பியில் மீதம் இருந்தால், உறையில் குறித்துள்ள நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரவைத் தாண்டி ஒருபோதும் வேண்டாம். சாதாரணப் புட்டியையும் திறந்த நாளிலிருந்து ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும்.

கேள்வி: இமை அழற்சிக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆறு வாரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக்கை இவ்வளவு நாள் சாப்பிடலாமா? (ஆண், 35, யாழ்ப்பாணம்)

பதில்: இங்கே கிருமியைக் கொல்வதற்காக மட்டும் அது தரப்படவில்லை. குறைந்த அளவில் அழற்சியைத் தணிப்பதும், எண்ணெயைக் கெடுக்கும் பாக்டீரிய நொதிகளை அடக்குவதுமே நோக்கம். நிறைய நீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லையெனில் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடு சாப்பிட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. வெயிலில் தோல் எளிதில் கன்றும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தருவதில்லை.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை பயன் தருமா?

பதில்: 535 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 3000 மில்லிகிராம் ஒமேகா 3 எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விரும்பினால் மத்தி மீன் சாப்பிடுங்கள். மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை நல்ல கண்பட்டைக்குச் செலவிடுவது மேல்.

கேள்வி: பன்னீர், விளக்கெண்ணெய், தாய்ப்பால் ஆகியவற்றைக் கண்ணில் விடலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். எதுவும் கண்ணுக்கெனக் கிருமி நீக்கம் செய்யப்பட்டதன்று.

கேள்வி: கண்ணோடு வாயும் வறள்கிறது, இட்லியைக்கூடத் தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியவில்லை. விரல் மூட்டுகளும் வலிக்கின்றன. (பெண், 48, கோவை)

பதில்: இது கண்ணோடு முடிகிற செய்தியன்று. உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரென் நோயைச் சந்தேகிக்க வேண்டும். 1933இல் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் விரிவாக எழுதிய இந்நோய், ஓர் ஆணுக்கு ஒன்பது பெண்கள் என்ற அளவில் காணப்படுகிறது. கீழிமையில் தாள் பட்டையை ஐந்து நிமிடம் வைத்து, நனைந்த நீளம் 5 மில்லிமீட்டருக்குக் குறைவா என்று பார்க்கும் ஷர்மர் சோதனையோடு இரத்தப் பரிசோதனையும் தேவை. மூட்டுவாத மருத்துவரை அவசியம் பாருங்கள். அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவையும் வாயையும் கண்ணையும் வறளச் செய்யும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. மேலிமையில் ஒரே இடத்தில் கட்டி வருகிறது. இருமுறை கீறி எடுத்தும் மறுபடி வந்துவிட்டது. அந்த இடத்தில் மயிரும் உதிர்ந்துவிட்டது. வெந்நீர் ஒத்தடம் போதுமா? (பெண், 40, தஞ்சாவூர்)

பதில்: போதாது. அடைபட்ட சுரப்பியில் கட்டி வருவது சாதாரணம்தான். ஆனால் முதியவருக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, மயிரும் உதிர்ந்தால், மெய்போமியன் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. மேலை நாடுகளைவிட நம் பகுதியில் இது கூடுதலாகவே காணப்படுகிறது. நீண்ட நாள் இமை அழற்சி என்று நினைத்து மருந்திட்டே காலம் கழிவதும் உண்டு. முன்பு எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அறிக்கை இருந்தால் எடுத்துக்கொண்டு, இமை அறுவை செய்யும் கண் மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.