தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு எந்த லென்ஸ் பொருந்தும்?

கிட் லென்ஸோடு வந்த டிஎஸ்எல்ஆர் கேமரா இருக்கிறது, அடுத்ததாக எந்த லென்ஸ் வாங்கினால் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா எந்த நிறுவனத்துடையது என்று குறிப்பிடவில்லை. அதனால் அதிகம் புழங்கும் நிகான், கேனான் இரண்டுக்கும் சொல்கிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்தது நிகான் டி3100. பழைய லென்ஸ் விற்பவர் ஒருவரிடம் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் வாங்கினேன். நிகான் லென்ஸ் எந்த நிகானிலும் மாட்டும் என்றார். உண்மைதான், மாட்டியது. வெள்ளைப் புள்ளிகளை நேராக வைத்துத் திருப்பியதும் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. ஆனால் திரையில் எஃப்.இ.இ. என்ற எழுத்துகள் மின்னின. லென்ஸில் இருந்த அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்டியதும் அது மறைந்தது. பிறகு ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் அசையவே இல்லை. எத்தனை முறை அழுத்தியும் அதே கதைதான்.

காரணம் எளியது. நிகானின் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் அமைப்பு, 1959-இலிருந்து இருக்கிறது. பழைய ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்), ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அவற்றைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. லென்ஸைக் கழற்றி, கேமராவின் மவுண்ட் வளையத்தைப் பாருங்கள். திருப்புளி நுனி போன்ற ஒரு சிறு முனை அதில் தெரிந்தால் மோட்டார் உண்டு. தெரியவில்லையென்றால் ஏஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸையே வாங்குங்கள். பின்னால் வந்த ஏஎஃப்-பி வகையும் சத்தமின்றி வேகமாக ஃபோகஸ் செய்யும். ஆனால் டி3100, டி5100 போன்ற பழைய கேமராக்களில் அது ஃபோகஸே ஆகாது. மோட்டார் இல்லாத லென்ஸைக் கையால் திருகியும் படம் எடுக்கலாம். ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி நிலையாக எரியும். பூவுக்கும் சிலைக்கும் அது போதும். ஓடி விளையாடும் குழந்தைக்குப் போதாது.

கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-இல் வந்த இஎஃப் மவுண்டில் ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். சிவப்புப் புள்ளி இட்ட இஎஃப், வெள்ளைச் சதுரம் இட்ட இஎஃப்-எஸ் இரண்டுமே தொடக்கநிலைக் கேமராவில் பொருந்தும். அதற்கு முந்தைய எஃப்டி லென்ஸும், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2018-இல் வந்த ஆர்எஃப் லென்ஸும் பொருந்தாது.

சிக்மா, டாம்ரான், டோகினா போன்ற பிற நிறுவன லென்ஸ்களை ஒதுக்க வேண்டியதில்லை. எந்த மவுண்டுக்குச் செய்தது என்பதோடு, நிகான் என்றால் உள்ளே மோட்டார் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டோகினாவின் 11-16 மி.மீ. லென்ஸ் நல்ல உதாரணம்: நிகானுக்கான முதல் பதிப்பில் மோட்டார் இல்லை, இரண்டாம் பதிப்பில் உண்டு. பெயரோ ஏறக்குறைய ஒன்றேதான்.

எதை வாங்குவது? என் முடிவு 35 மி.மீ. எஃப்/1.8 தான் (கேனானின் சொந்த இஎஃப் லென்ஸ் என்றால் 35 மி.மீ. எஃப்/2). 50 மி.மீ. லென்ஸைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அந்தப் பரிந்துரை பிலிம் காலத்தில் பிறந்தது. உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் பிலிமைவிடச் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ், நிகானில் 75 மி.மீ., கேனானில் 80 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். முக உருவப்படத்துக்கு அருமை. ஆனால் சிறிய அறையில் நான்கு பேரை ஒன்றாக எடுக்க முதுகு சுவரில் முட்டும். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை ஒரு நாள் 35-இலும் மறுநாள் 50-இலும் நிறுத்தி, திருப்பாமல் படம் எடுத்துப் பாருங்கள். எது உங்கள் கைக்கு வருகிறதோ அதை வாங்குங்கள்.

எஃப்/1.8 ஏன் வேண்டும் என்றால், 18-55 கிட் லென்ஸ் 55-இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எண் சிறிதானால் துளை பெரிது). எஃப்/1.8 அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கொளியில் நொடியில் 20-இல் ஒரு பங்கு என்று திணறும் ஷட்டர் 200-இல் ஒரு பங்குக்குப் போகும். கலங்கி விழுந்த முகம் துல்லியமாக விழும்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் டார்ச் ஒளியை லென்ஸுக்குள் அடித்து, சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, அருகில் ஒரு பொருளையும் தொலைவில் ஒரு பொருளையும் மாறிமாறிக் குறிவைத்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். லென்ஸ் தானாகச் சுழன்று ஃபோகஸ் ஆன பிறகு பணத்தைக் கொடுங்கள்.