மருந்தே போடாத தட்டில் மருந்தெதிர்ப்பு ஏன் ஏறுகிறது?

ஈரல் கல வளர்ப்புப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வந்தாறுமூலை மாணவி: சேர், எலி ஈரல் கலங்களை வளர்த்து பல மருந்துகளுக்கு எதிர்ப்புத் தரும் எம்.டி.ஆர். பரம்பரையலகைப் பார்க்கிறேன். மருந்து போடாத தட்டிலும் இரண்டாம் நாள் அதன் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்யச் சொல்லும் செய்திப் பிரதி) கூடிவிட்டது. கிருமி தொற்றிவிட்டதா?

அதற்குக் கிருமி தேவையில்லை மகள். கொலாஜனேஸ் நொதியம் விட்டு ஈரலைப் பிரித்து, கலங்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டவைக்கிறோமே, அதுவே அவற்றுக்குப் பெரிய அடி. எலியின் எம்.டி.ஆர். பரம்பரையலகுகளில் ஒன்றான எம்.டி.ஆர்.1பி அதிலேயே ஏறத் தொடங்கும். சைற்றோகுரோம் பி450 போன்ற ஈரலுக்கே உரிய நொதியங்கள் மறுபக்கம் இறங்கிக்கொண்டு போகும். ஆகவே முதல் நாள் அளவோடு ஒப்பிட்டு "மருந்துதான் கூட்டியது" என்று எழுத முடியாது. எந்த நேரத்தில் அளக்கிறீர்களோ, அந்த நேரத்துக்கென்று மருந்தில்லாத தட்டு ஒன்று வேண்டும். மருந்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் மருந்தில்லாத தட்டிலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. விடவேண்டும். இந்தத் தட்டு இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை. வசதி இருந்தால் இரண்டு கொலாஜன் படைகளுக்கு நடுவே வளர்த்துப் பாருங்கள். கலங்கள் திரும்பவும் பித்த நுண்கான்களை அமைத்து, ஓரளவு ஈரல் மாதிரி நடந்துகொள்ளும்.

அதே மாணவி: கசநோய் மருந்தான ரிபாம்பிசினைப் போட்டு இந்தப் பரம்பரையலகைத் தூண்டலாமா?

எலியில் வீண்வேலை. கலத்துக்குள் மருந்தை உணர்ந்து இப்படியான பரம்பரையலகுகளை முடுக்கும் ஏற்பி பி.எக்ஸ்.ஆர்.; ரிபாம்பிசின் மனிதரின் பி.எக்ஸ்.ஆர். ஏற்பியைத்தான் நன்றாகத் தூண்டும். எலியின் ஏற்பியைத் தூண்டப் பிரெக்னெனலோன் கார்போநைத்திரைல் என்ற சேர்வையைப் போடுங்கள்.

கல்லடி உயிரியல் ஆசிரியர்: எம்.ஆர்.என்.ஏ. கூடினால் போதாதா?

போதாது. இந்தப் பரம்பரையலகு தரும் புரதம் பி-கிளைக்கோபுரோட்டின். 1976இல் ஜூலியானோவும் லிங்கும் சீன வெள்ளெலிக் கலங்களில் கண்டது. மென்சவ்வில் நின்று மருந்தை வெளியே தள்ளும் பம்பி. பம்பி ஓடுகிறதா என்று பார்க்க ரோடமின் 123 சாயத்தை ஏற்றுங்கள். ஓடினால் கலத்தின் ஒளிர்வு மங்கிக்கொண்டு போகும். அப்புறம் பம்பியை அடக்கும் வெரப்பமில் மருந்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒளிர்வு உள்ளேயே தங்கினால் பம்பிதான் தள்ளியிருக்கிறது.

கல்முனையிலிருந்து ஒருவர்: அம்மா கசநோய்க்கு ரிபாம்பிசினும் இதயத்துக்கு டிகொக்சினும் எடுக்கிறா. நீங்கள் சொல்லும் எதிர்ப்பால் கசநோய் மருந்து வேலை செய்யாமல் போகுமா?

இல்லைத் தம்பி, அது வேறு கதை. கசநோய்க் கிருமி ரிபாம்பிசினுக்கு அடங்காமல் போவது பெரும்பாலும் கிருமியின் ஆர்.பி.ஓ.பி. பரம்பரையலகு மாறுவதால். நான் சொல்வது நம் உடலிலுள்ள பம்பி. ஆனால் நீங்கள் கேட்டது நல்லதாய்ப் போயிற்று: ரிபாம்பிசின் குடலிலும் இந்தப் பம்பியைக் கூட்டும், அதனால் இரத்தத்தில் டிகொக்சின் குறையலாம். இரண்டு மருந்துத் துண்டையும் கிளினிக்கில் ஒன்றாகக் காட்டுங்கள். குளிசை எதையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.